காய்ச்சல் இறங்கிய பிறகும் இறங்காத நோய்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் டப்போ என்றோர் ஊர் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், கியூ காய்ச்சல் பாக்டீரியா ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றால் படுத்த 253 பேரை ஆய்வாளர்கள் ஓராண்டு விடாமல் கவனித்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. ஆறு மாதம் கடந்த பின்னும் சுமார் 12 சதவீதம் பேரை, அன்றாட வேலையே ஓடாத அளவுக்குச் சோர்வு பிடித்திருந்தது. மூன்று கிருமிகளுக்கும் ஒட்டுறவே கிடையாது. ஆனாலும் மூன்றும் விட்டுச்சென்ற துன்பம் ஒரே மாதிரி இருந்தது. யாருக்கு நீடிக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது முதல் சில நாட்களின் நோய்க் கடுமைதான். மன உறுதியோ பழைய மனச்சோர்வோ அதைத் தீர்மானிக்கவில்லை. "எல்லாம் மனசுதான்" என்று இன்னும் எத்தனையோ நோயாளிகளிடம் சொல்லப்படுகிறது. அவர்களுக்காகவாவது இந்த ஆய்வு பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

முடக்குவாதம், தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளையும் பாதிக்கும் லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களோடு வாழ்பவர்களுக்கு இந்தச் செய்தி இன்னும் முக்கியம். உடலின் காவல் படை உடலையே தாக்குவதுதான் இந்த நோய்களின் அடிப்படை. அதை அடக்கத்தான் மாத்திரையும் ஊசியும். வைரஸ் நுழையும்போது அந்தப் படை ஒரு பக்கம் மருந்தால் தளர்ந்திருக்கிறது, இன்னொரு பக்கம் தவறான இலக்கைக் குறிவைத்தபடியே இருக்கிறது. ஆபத்து இந்த இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது.

முதலில் தளர்ச்சியைப் பார்ப்போம். வைரஸ் புகுந்த சில மணி நேரத்தில் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கின்றன. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கடும் கோவிட் நிமோனியாவால் பாதிக்கப்பட்ட 987 பேரில் 101 பேரின் ரத்தத்தில் இந்த இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) இருந்தன. தொற்று வருமுன்பே அவை உருவாகியிருந்தன என்பதற்கும் சான்று கிடைத்தது. லூபஸ் நோயாளிகள் சிலரிடம் இதே வகை எதிர்ப்பொருள்கள் காணப்படுவது முன்பே தெரிந்த விஷயம். இதற்கு மேல், ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து பி செல்களை மாதக்கணக்கில் இல்லாமல் ஆக்கிவிடுகிறது. எதிர்ப்பொருளைத் தயாரிப்பவை அந்தச் செல்கள்தான். அதனால் இந்த மருந்தில் இருப்பவர்கள் சிலரின் உடலில் கொரோனா வைரஸ் வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கிலும் தங்கிப் பெருகியிருக்கிறது.

அடுத்தது தவறான இலக்கு. எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஏறக்குறைய எல்லாப் பெரியவர்களின் உடலிலும் உறங்கிக் கிடக்கிறது. அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை வைத்து 2022இல் ஒரு கணக்கு வந்தது. இந்த வைரஸ் தொற்றிய பின் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலின் காவல் படையே சிதைக்கும் நோய்) வரும் அபாயம் 32 மடங்கு உயர்ந்திருந்தது. வைரஸின் ஒரு புரதத் துண்டு நரம்பு மண்டலத்தின் ஒரு புரதத்தோடு உருவத்தில் ஒத்துப்போவதால், ஒன்றைத் தாக்கப் பிறந்த எதிர்ப்பொருள் மற்றதையும் பற்றிக்கொள்கிறது என்பதை அதே ஆண்டில் இன்னோர் ஆய்வு காட்டியது. உறங்கும் வைரஸ் வேறொரு தொற்றின்போது விழித்துக்கொள்வதும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்த ஆய்வு, நீண்டகால கோவிட், அதாவது தொற்று தீர்ந்தும் தொல்லை தொடரும் நிலை, யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே காட்டும் நான்கு அடையாளங்களைச் சொன்னது: ரத்தத்தில் கொரோனா வைரஸின் ஆர்என்ஏ (மரபுப் பொருள்), ரத்தத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸ், இரண்டாம் வகை சர்க்கரை நோய், தன்னையே தாக்கும் எதிர்ப்பொருள்கள். கடைசியாகச் சொன்னது தன்னெதிர்ப்பு நோயாளிகள் பலரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இவ்வளவையும் படித்ததும் "அப்படியானால் மருந்தை நிறுத்திவிடுகிறேன்" என்றுதான் மனம் ஓடும். மிக ஆபத்தான முடிவு அது. அடக்கி வைத்த நோய் கிளர்ந்தால், தொற்றை எதிர்கொள்ளும் உடல் இன்னும் மோசமான நிலைக்குப் போகும். பல வாரங்களாக ஸ்டீராய்டு எடுப்பவரின் அட்ரீனல் சுரப்பி தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும். காய்ச்சல் நேரத்தில் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஹைட்ராக்சிகுளோரோகுயினைப் பொதுவாக நிறுத்தத் தேவையில்லை. மெத்தோட்ரெக்சேட்டையும், காவல் படையின் குறிப்பிட்ட பகுதியைக் குறிவைத்து அடக்கும் உயிரியல் ஊசிகளையும் தொற்று தீரும்வரை தள்ளிவைக்க மருத்துவர் சொல்லலாம். ஒவ்வொரு மருந்துக்கும் பதில் வேறு. உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே மூட்டுவாத மருத்துவரிடம் "காய்ச்சல் வந்தால் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது, யாரைக் கூப்பிடுவது?" என்று கேட்டு மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் சில நாட்களின் கடுமையைக் குறைக்க நம் கையில் இருக்கும் வலுவான கருவி தடுப்பூசி. அதைப் போடும் நாளும் முக்கியம். பிரிட்டனில் 254 பேரிடம் நடந்த சோதனையில், கோவிட் பூஸ்டருக்குப் பின் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தியவர்களுக்கு எதிர்ப்பொருள் ஏறத்தாழ இரு மடங்கு உருவானது. ரிட்டுக்சிமாப் எடுப்பவர்கள் அடுத்த தவணை நெருங்கும்போது தடுப்பூசி போட்டுக்கொண்டு, ரிட்டுக்சிமாப்பைக் குறைந்தது இரண்டு வாரம் தள்ளிப்போடுவது நல்லது. ஃப்ளூ ஊசிக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம், கிடைக்கும்போதே போட்டுக்கொள்ளலாம். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அக்கிக்கு இப்போது உயிருள்ள வைரஸ் இல்லாத ஊசி இருக்கிறது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தில் இருப்பவர்களுக்கு அக்கி அடிக்கடி வருவதால் அதைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள்.

தமிழ்நாட்டில் கொசு பரப்பும் வைரஸ்களைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2006இல் பரவிய சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை ஊருக்கு ஊர் பார்த்தோம். ரீயூனியன் தீவில் ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வில், தொற்று வந்து 18 மாதம் கழித்தும் அந்த வைரஸின் ஆர்என்ஏ கிடைத்தது. டெங்குவில் வேறொரு அபாயம். முடக்குவாதக்காரர்கள் தினமும் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும்.

காய்ச்சல் விட்ட மறுநாளே அடுப்படிக்கும் அலுவலகத்துக்கும் ஓடுவது நம் வழக்கம், குறிப்பாகப் பெண்களுக்கு. தன்னெதிர்ப்பு நோய்களும் பெண்களிடமே அதிகம். நீண்டகால கோவிட் உள்ள 25 பேரை ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் மிதிக்க வைத்து, முன்னும் பின்னும் தசையைச் சோதித்தார்கள். உழைப்புக்குப் பின் தசைச் சேதம் கூடியிருந்தது. 2024இல் வந்த முடிவு இது. வேலை செய்த நாளில் ஒன்றும் தெரியாமல், மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு அடித்துப்போட்டாற்போல் ஆனால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு வேலையைப் பாதியாக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது அந்தச் சரிவு நின்ற பிறகுதான். வீட்டில் உள்ளவர்கள் இதைச் சோம்பல் என்று சொல்லாமலிருப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

சில வாரம் கழித்தும் சோர்வும் வலியும் போகவில்லை என்றால், அது பழைய நோயின் கிளர்ச்சியா, வைரஸ் விட்டுச்சென்றதா என்று பிரித்தறிய வேண்டும். மூட்டு வீங்கியிருந்தாலோ, காலையில் வெகுநேரம் விறைப்பு நின்றாலோ, லூபஸில் ரத்தத்திலுள்ள சி3, சி4 என்ற புரதங்கள் குறைந்து சிறுநீரில் புரதம் போனாலோ அது கிளர்ச்சியின் பக்கம் சாயும். அப்போது மருந்தைக் கூட்டுவது சரி. இவை எல்லாம் இயல்பாக இருந்தும் உழைத்தால் மட்டும் உடம்பு சரிந்தால், தைராய்டையும் ரத்தசோகையையும் பார்த்துவிட்டு ஓய்வின் அளவைத்தான் மாற்ற வேண்டும். அந்த இடத்தில் ஸ்டீராய்டைக் கூட்டினால் எலும்பும் சர்க்கரை அளவும் கெடும், அடுத்த தொற்றுக்கும் கதவு திறக்கும்.