ரேடியோமீட்டர்: கதிர்மானியா, கதிர்வீச்சுமானியா?

ரேடியோமீட்டர் என்றதும் வானொலிப் பெட்டி நினைவுக்கு வந்தால் பாதி சரி. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: லத்தீனில் 'ரேடியஸ்'. கோல், சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர் எல்லாமே அதற்குப் பொருள். நம் தமிழ்ப்பள்ளிக் கணக்குப் பாடத்தில் அதே ரேடியஸ் 'ஆரம்' ஆகிவிட்டது. 'மீட்டர்' கிரேக்கத்தின் 'மெட்ரான்', அதாவது அளவு. ஆக, கதிரை அளக்கும் கருவி.

ஆய்வுக் கப்பலில் இதற்கு என்ன வேலை? கடலின் நிறத்தை அளப்பது. வழக்கமாக மூன்று உணரிகள் இருக்கும். ஒன்று, நேர்கீழிலிருந்து 40 பாகை சாய்ந்து கடலைப் பார்க்கும். இன்னொன்று, உச்சியிலிருந்து அதே 40 பாகை சாய்ந்து வானத்தைப் பார்க்கும். மூன்றாவது, மேலிருந்து விழும் மொத்த ஒளியையும் வாங்கும். கடலை அளக்க வானம் எதற்கு என்று தோன்றும். நீர்ப்பரப்பு கண்ணாடி மாதிரி வானத்தையும் காட்டுகிறதே! காற்று அதிகமில்லாத நாளில் வான அளவில் சுமார் 2.8 விழுக்காட்டைக் கடல் அளவிலிருந்து கழிப்பார்கள். மிச்சம்தான் தண்ணீருக்குள்ளிருந்து வந்த ஒளி. அதை மூன்றாவது அளவால் வகுக்க வேண்டும். சூரியப் பளபளப்பும் கப்பல் நிழலும் விழாத திசையில் உணரியைத் திருப்பி வைப்பதும் முக்கியம்.

செயற்கைக்கோள் இருக்கும்போது இவ்வளவு பாடு ஏன்? கடல் மேல் அதற்குக் கிடைக்கும் ஒளியில் பெரும்பங்கு வளிமண்டலம் சிதறடித்தது; கடலிலிருந்து வருவது கொஞ்சம்தான். 2024 பிப்ரவரியில் நாசா ஏவிய பேஸ் செயற்கைக்கோளின் அளவுகளையும் கடலில் எடுத்த அளவுகளோடுதான் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். பட்டர்வொர்த் ஃபெர்ரியில் போகிறவர்களுக்குப் பினாங்கு நீரிணையின் கலங்கல் பச்சை தெரியும். அந்தச் சேறும் கரைந்த மக்குப்பொருளும், கடல் நிறத்தை வைத்து நீரிலுள்ள நுண்பாசிகளின் பச்சையத்தைக் கணக்கிடுவதைக் குழப்பிவிடும்.

சரி, தமிழில் எது? 'கதிர்வீச்சுமானி' தவறில்லை. ஆனால் புக்கிட் மேரா, லைனஸ் அரியமண் ஆலைகளின் கதிரியக்கக் கழிவைப் பற்றி இத்தனை காலம் பேசிய நம் மலேசியாவில் 'கதிர்வீச்சு' என்றாலே அணுக்கழிவுதான் நினைவுக்கு வரும். 'ஒளிமானி'யும் வேண்டாம், அது மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் போட்டோமீட்டருக்கு உரியது. என் ஓட்டு 'கதிர்மானி'க்கு. வெப்பமானி, அழுத்தமானி வரிசையில் தானாகவே உட்கார்ந்துகொள்கிறது. நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் வகையை 'நிறமாலைக் கதிர்மானி' எனலாம். கப்பலில் ஏறுவது பெரும்பாலும் அதுதான்.