பிஞ்சு வெம்பி விழுகிறதா? மருந்து பம்பைக் கீழே வையுங்கள்

"பூ நெறைய பூக்குது தம்பி, பிஞ்சுதான் வெம்பி வெம்பி விழுது. என்ன மருந்து அடிக்கலாம்?" மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் அக்காமார் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பயிர்ப் பாதுகாப்பு வேலை பார்ப்பவன் என்பதால் மருந்தின் பெயரை எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் நான் பார்ப்பது, மருந்து கூடிப்போய் தேனீ குறைந்துபோன கொல்லையைத்தான்.

காலை ஏழரை மணிக்குப் பூசணிக் கொடி அருகே குனிந்து பாருங்கள். இதழுக்கு அடியில் குட்டிக் காய்போலப் புடைத்திருந்தால் பெண் பூ. வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. ஆண் பூவைத் தொட்டால் மகரந்தம் மஞ்சளாக விரலில் அப்பிக்கொள்ளும். பிசுபிசுப்பான அந்தத் தூள் காற்றில் பறக்காது. யாராவது சுமந்துதான் போக வேண்டும். பெண் பூவுக்குக் கிடைப்பது அந்த ஒரு காலைப் பொழுதுதான். வெயில் ஏறினால் வாடி மூடிக்கொள்ளும். அதற்குள் தேனீக்கள் திரும்பத் திரும்ப வந்து போகாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழும், தப்பித்தாலும் கோணலாகக் காய்க்கும். வேலைக்குக் கிளம்புமுன் நாம் பம்பைத் தூக்குவதும் சரியாக அந்த நேரத்தில்தான்! அடித்தே ஆக வேண்டும் என்றால் பொழுது சாய்ந்தபின், பூவில் படாமல் அடியுங்கள். பாகற்காயைப் பழ ஈ குத்துகிறது என்றால் மருந்தே வேண்டாம், பிஞ்சைக் காகிதப் பையால் மூடிக் கட்டினால் போதும்.

கத்திரி, தக்காளியின் கதை வேறு. அவற்றில் மகரந்தத் தூள் வெளியே வர நுனியில் சின்ன வழி மட்டும்தான் இருக்கும். கருவண்டு (மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கறுப்புத் தேனீ) பூவை இறுகப் பற்றிக்கொண்டு உடம்பை 'ர்ர்ர்' என்று அதிரவிடும்போது, டப்பாவைக் குலுக்கினால் உப்பு கொட்டுவதுபோல் தூள் கொட்டும். தேன் கூட்டுத் தேனீயாலும், கெலுலுட் எனும் கொட்டாத குட்டித் தேனீயாலும் இதைச் செய்ய முடியாது. அந்தக் கருவண்டைத்தான் கொட்டிவிடும் என்று துடைப்பத்தால் அடிக்கிறோம். ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. பெண் வண்டும் கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டுவது அரிது. கொல்லை ஓரத்தில் இரண்டு பழைய மரக்கட்டை, காய்ந்த மூங்கில் கிடக்கட்டும். அதுதான் அதற்கு வீடு.

பூச்சியின் உழைப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு நம் ஊரே சாட்சி. ஒரு காலத்தில் செம்பனைக்கு ஆட்களே மகரந்தம் தூவினார்கள். கேமரூனிலிருந்து கொண்டுவந்த சின்னஞ்சிறு மூக்கு வண்டை 1981இல் முதலில் விட்டது குளுவாங் வட்டாரத்துத் தோட்டத்தில்தான். அது நாடெங்கும் பரவியபின் அந்தக் கைவேலையே தேவைப்படவில்லை.

அடுத்தது பூ. தோட்டத்து ரோட்டோரங்களில் காலையில் மலர்ந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும் டர்னேராவும், இளஞ்சிவப்புக் கொடி ரோஜாவும் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக நட்டவை அல்ல. செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவை ஒழிக்கிற சின்னக் குளவிகளுக்கு அங்கே தேன் கிடைக்க வேண்டும் என்பதற்காக நட்டவை. டர்னேராவின் ஒரு குச்சியை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். வருஷம் முழுக்கப் பூக்கும், தேனீயும் வரும். கூடவே இரண்டு துளசிச் செடியை நுனி கிள்ளாமல் பூக்க விடுங்கள். முருங்கை இருந்தால் இன்னும் நல்லது. கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் புழுவைக் கொன்றுவிடாதீர்கள்; வண்ணத்துப்பூச்சியாகப் போவது அதுதான். நாலு இலை போனால் போகட்டும்.

தண்ணீர் வைக்கும்போது கவனம். தட்டையான தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். தினமும் கொட்டிவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் ஏடிஸ் கொசுவுக்குத்தான் தொட்டில் கட்டுகிறோம்.

கெலுலுட் பெட்டி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முதலில் பூவை வளருங்கள், பெட்டி பிறகு. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் டிங்கி புகை அடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பியபின் வாயைக் கொசுவலைத் துண்டால் அடைத்து, ஈரத்துணி போர்த்துங்கள். புகை முழுக்க அடங்கியதும் மறக்காமல் திறந்துவிடுங்கள்; அடைத்தபடியே வெயிலில் விட்டால் கூடு வெந்துபோகும்.