மறுப்பும் ஒரு பதில்தான்

பில் போட முடியவில்லை என்று காலை ஒன்பதரைக்கு அழைப்பு வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அந்த அலுவலகத்தில் கேபிளை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சையும் அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். திரையில் இருந்த பிழை எண் 10061. அதை மட்டும் யாரும் படிக்கவில்லை.

படித்திருந்தால் கேபிள் பக்கமே போயிருக்க வேண்டாம். ஒரு கணினி சர்வருடன் டிசிபி என்னும் இணைப்பு முறையில் பேச விரும்பினால், முதலில் 'சின்' என்னும் சிறிய பாக்கெட்டை (தரவுத் துண்டை) அனுப்புகிறது. குறிப்பிட்ட போர்ட்டில், அதாவது சர்வரின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்றில், ஒரு மென்பொருள் காத்திருந்தால் சம்மதம் திரும்பி வரும். நம் கணினி அதற்கு ஒப்புகை தந்ததும் இணைப்பு உருவாகிவிடும். அங்கே எந்த மென்பொருளும் காத்திருக்கவில்லை என்றால் சர்வர் 'ரீசெட்' பாக்கெட்டை அனுப்பி மறுத்துவிடும். விண்டோஸ் அதைத்தான் 10061 என்று காட்டுகிறது. மறுப்பு வந்து சேர்ந்துவிட்டது என்றால், போகும் வழியும் திரும்பும் வழியும் சரியாகவே இருக்கின்றன.

எனவே நேராக லினக்ஸ் சர்வரில் நுழைந்து பார்த்தேன். பழைய காப்புப் பிரதிகளால் வட்டு 100 சதவீதம் நிரம்பியிருந்தது. இரவு மின்சாரம் போய் வந்தபின், 3306ஆம் போர்ட்டில் இருக்க வேண்டிய மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருள் தொடங்கவே இல்லை. பிரதிகளை வேறிடத்துக்கு மாற்றியதும் அது எழுந்துகொண்டது.

10060 வந்தால் கதை வேறு. அனுப்பிய 'சின்'னுக்கு எந்தப் பதிலும் இல்லை. கணினி இடைவெளியைக் கூட்டிக்கூட்டி மீண்டும் அனுப்பிப் பார்த்து, ஏறக்குறைய 20 நொடியில் கைவிட்டுவிட்டது. சர்வர் அணைந்திருக்கலாம், முகவரி தவறாக இருக்கலாம், தொடர்புகளை வடிகட்டும் காவலான ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கியிருக்கலாம். எதிர்முனையும் விண்டோஸ் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்: அதன் ஃபயர்வால் ரீசெட்டைக்கூட வெளியே விடாது. மென்பொருள் நின்றுபோயிருந்தாலும் நமக்கு மௌனமே கிடைக்கும்.

அப்போது பலரும் பிங் செய்து, அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்கும் சிறு கட்டளையை அனுப்பி, பதில் இல்லையென்றதும் சர்வர் செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். பிங்கையும் ஃபயர்வால் தடுத்திருக்கக்கூடும். பிங் செய்த கையோடு உங்கள் கணினியின் 'ஏஆர்பி' பட்டியலைப் பாருங்கள்; எந்த ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கருவிக்குத் தரப்படும் எண்) எந்த வன்பொருள் முகவரிக்கு (நெட்வொர்க் அட்டைக்கே உரிய எண்) உரியது என்று அது காட்டும். ஒரே ஸ்விட்சில், ஒரே முகவரி வரிசையில் இருக்கும் கணினிகள் பேசுவதற்கு முன் ஒன்றின் வன்பொருள் முகவரியை இன்னொன்று கேட்டுப் பெற்றாக வேண்டும். வழக்கமான ஃபயர்வால் இந்தக் கேள்விக்குக் குறுக்கே நிற்பதில்லை. சர்வரின் ஐபி முகவரிக்கு எதிரே வன்பொருள் முகவரி புதிதாகப் பதிவாகியிருந்தால், அந்த ஐபி-யில் ஏதோ ஒரு கருவி உயிரோடு இருக்கிறது. அது உங்கள் சர்வரின் முகவரிதானா, அல்லது அதே ஐபி-யைத் தவறுதலாகப் பெற்ற பிரிண்டரின் முகவரியா என்பதைச் சர்வரின் நெட்வொர்க் அட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.