லான் மஞ்சளானால் உடனே யூரியாவா?

வீட்டு லான் மஞ்சளடிக்கிறது என்று கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கடைசியா எப்போ யூரியா போட்டீங்க?" என்பதுதான். "போன வாரம்தான் சார், ரெண்டு கை நல்லா வீசினேன்" என்பார்கள். போய்ப் பார்த்தால் அது சத்துக்குறைவே இல்லை, கருகல். உரம் கொத்தாக விழுந்த இடமெல்லாம் கையகலத்துக்கு வைக்கோல் நிறத்தில் காய்ந்திருக்கும். அதன் ஓரத்தில் மட்டும் புல் கரும்பச்சையாக, மற்ற இடத்தைவிட உயரமாக நிற்கும். (நாய் வளர்க்கும் வீடுகளிலும் இதே திட்டுகளைப் பார்க்கலாம். அதன் சிறுநீரில் இருப்பதும் யூரியாதான்.) அந்தத் திட்டில் இரண்டு மூன்று நாள் நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். அருகம்புல் வகையாக இருந்தால் பக்கத்துக் கொடி தானாக ஓடி வந்து மூடிவிடும்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. வயலுக்கு மூட்டைக் கணக்கில் போடுவதைப் பார்த்துப் பழகிய கைக்கு லானின் அளவு பிடிபடுவதில்லை. 100 சதுர அடிக்கு, ஒரு தடவையில், 100 கிராம்தான் உச்சம். மெதுவாக வளரும் கொரியன் புல்லுக்கு அதில் பாதியே போதும். கண்ணளவு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் வீசினால் சமமாக விழும். பனியோ தண்ணீரோ இருக்கும் இலைமேல் வீசாதீர்கள், குருணை ஒட்டிக்கொண்டு பொசுக்கிவிடும். வீசி முடித்த கையோடு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் பாதிச் சத்து அம்மோனியாவாகக் காற்றோடு போனாலும் போகும்.

சரி, கருகல் இல்லை, நிஜமாகவே மஞ்சள்தான் என்றால்? ஒரு புல்லைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். அடியில் இருக்கும் பழைய இலை முதலில் வெளுத்திருந்தால் தழைச்சத்து போதவில்லை. நுனியில் வரும் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு கலந்த மண்ணில் இது சகஜம். கோவைப் பக்கம் அப்படிப்பட்ட மண் நிறைய உண்டு. அங்கே எத்தனை யூரியா கொட்டினாலும் மஞ்சள் போகாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) கரைத்து, வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள். நடைபாதைக் கல்லில் பட்டால் துருக்கறை ஏறிவிடும், உடனே கழுவுங்கள். மாமர நிழலில் புல் மெலிந்து கிடந்தால் அதற்கு உரமே மருந்தில்லை. வேண்டியது வெயில், இல்லையென்றால் நிழல் தாங்கும் எருமைப்புல் (செயின்ட் அகஸ்டின் புல்).

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உரம் போடவே போடாதீர்கள். புல் எடுக்காத தழைச்சத்து நைட்ரேட்டாகக் கீழே இறங்கும். சென்னை வீடுகளில் லானுக்குப் பத்தடி தள்ளித்தான் போர்வெல் இருக்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் வீட்டில் இது விளையாட்டு விஷயமில்லை.

அப்புறம் இந்த எரு. இயற்கை உரம்தானே என்று அரைகுறையாக மட்கிய சாணத்தை லாரியில் இறக்குகிறார்கள். வேர் தின்னும் வெள்ளைப் புழுவும், கோரைக் கிழங்கும் அதோடு கூடவே இறங்குகின்றன. கோரை ஒருமுறை காலூன்றினால் வருஷக்கணக்கில் பிடுங்க வேண்டியதுதான். நன்றாக மட்கியதை, சல்லடையில் சலித்து, மெல்லிசாகத் தூவினால் போதும். மண்புழு உரம் கிடைத்தால் இன்னும் நல்லது.