3584 பெரிதா, 3072 பெரிதா?

சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்தால் கேமிங் கம்ப்யூட்டர் என்று மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம், பையன் எடுத்தே விட்டான். கடையில் ஏற்கெனவே பூட்டித் தயாராக வைத்திருக்கும் இரண்டு பெட்டிகளைக் காட்டியிருக்கிறார்கள். விலையும் ஒன்று, ப்ராசஸரும் ஒன்று, கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் வேறு. "ஆர்டிஎக்ஸ் 3060இல் 3584 கோர், 12 ஜிபி மெமரி. ஆர்டிஎக்ஸ் 4060இல் 3072 கோர், 8 ஜிபி. கடைக்காரர் இரண்டாவதுதான் வேகம் என்கிறார். பழைய மாடலில் எல்லாமே கூடுதலாக இருக்கும்போது புதுசு எப்படிங்க முந்தும்? என் தலையில் கட்டப் பார்க்கிறாரா?"

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை. அந்த மீதியைச் சொல்ல, கார்டுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். கோர் என்பது அங்கே கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகு.

ஒரு சாதாரண மானிட்டரில் 1920க்கு 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். விளையாட்டு ஒழுங்காக ஓட விநாடிக்கு 60 படம் வேண்டும். ஆக விநாடிக்கு 12 கோடி தடவைக்கு மேல் 'இந்தப் புள்ளிக்கு என்ன நிறம்?' என்ற கேள்விக்குப் பதில் வந்தாக வேண்டும், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. சுவர், துப்பாக்கி, எதிரியின் மூக்கு எல்லாமே முக்கோணங்கள்தான். அவற்றைத் திரையில் எங்கே போடுவது என்பது பள்ளியில் படித்த ஆயத்தொலைவு வடிவியலும் அணிப் பெருக்கலும். அதை விட்டுவிடுவோம். ஒரு புள்ளியின் நிறத்துக்கும் பக்கத்துப் புள்ளியின் நிறத்துக்கும் கணக்கு ஒன்றுதான், எண்கள் மட்டும் வேறு. முழு விஷயமும் இந்த ஒரு வரியில்தான் அடங்கியிருக்கிறது.

ப்ராசஸர் ஒரு டீ மாஸ்டர் மாதிரி. வாடிக்கையாளர் தெருமுனையில் தலைகாட்டியதுமே, 'இவருக்குச் சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங்' என்று ஊகித்து ஆற்ற ஆரம்பித்துவிடும். ஊகம் தப்பினால் கீழே கொட்டிவிட்டு வேறு போடும். ஒரே ஒரு வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்கான சாமர்த்தியம் அது, சிலிக்கானில் பெரும் இடம் அந்தச் சாமர்த்தியத்துக்கே போய்விடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு அவ்வளவு புத்தி கிடையாது. அது கணக்குகளை 32, 32ஆகக் கட்டி, ஒரே கட்டளையை அந்த 32க்கும் ஒரே சமயத்தில் கொடுக்கும். அந்த 32 இழைகளின் கட்டுக்கு என்விடியாக்காரர்கள் வைத்த பெயர் வார்ப். நம் தறிக்காரர்கள் சொல்லும் பாவு நூல்தான். பெயர் நெசவிலிருந்து எடுத்ததுதான் என்று அவர்கள் கையேட்டிலேயே இருக்கிறது. கேள்வி கேட்டவரின் ஊர் சென்னிமலை என்பதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தறியில் மிதியை அழுத்தினால் பாவில் பாதி மேலே போகும், பாதி கீழே நிற்கும் அல்லவா? இங்கேயும் கிட்டத்தட்ட அப்படித்தான். 'புள்ளி நிழலில் இருந்தால் ஒரு கணக்கு, வெயிலில் இருந்தால் வேறு கணக்கு' என்று வந்துவிட்டால், ஒரு பாதி நகரும்போது மறு பாதி சும்மா நிற்கும், அப்புறம் அது நகரும், இது நிற்கும்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

சுவரின் நிறம் தெரிய வேண்டுமானால் செங்கல் படத்தை மெமரியிலிருந்து எடுத்து வர வேண்டும். கார்டு ஒரு பெருக்கலைச் செய்வதற்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் மெமரி வெகு தூரத்தில் இருக்கிறது. கேட்டு அனுப்பிய எண் திரும்பி வரச் சில நூறு துடிப்புகள் ஆகும். துடிப்பு என்பது கார்டின் உள் கடிகாரம் ஒரு தடவை தட்டுவது. ஒரு துடிப்பை ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், ஒரு கூட்டல் போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்காக ஐந்தாறு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி. இப்படி நின்றால் கோர் மூவாயிரம் இருந்து என்ன, முப்பதாயிரம் இருந்து என்ன.

ராத்திரி எட்டு மணிக்கு பரோட்டாக் கடை வாசலில் நின்று மாஸ்டரின் கையைக் கவனியுங்கள். ஒரு பரோட்டா வேக மூன்று நிமிடம் என்று வைப்போம். அவர் ஒன்றைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றால் மணிக்கு 20 பரோட்டாதான், கடையை மூட வேண்டியதுதான். அவர் அப்படியா செய்கிறார்? வட்டமாக அடுக்கிக்கொண்டே போவார். பன்னிரண்டாவதைப் போட்டு முடிக்கும்போது முதலாவது திருப்பிப் போடும் பதத்துக்கு வந்திருக்கும். எந்தப் பரோட்டாவும் ஒரு விநாடி கூட முன்னதாக வேகவில்லை, ஒவ்வொன்றுக்கும் அதே மூன்று நிமிடம். ஆனால் மாஸ்டரின் கை ஒரு கணமும் ஓயவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு செய்வதும் இதுதான். மெமரிக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பாவு கல்லில் வேகட்டும் என்று விட்டுவிட்டு, பதம் வந்த இன்னொரு பாவுக்குப் போய்விடும். 4060இன் உள்ளே 24 கணக்குக் கூடங்கள், கூடத்துக்கு நான்கு மாஸ்டர்கள், ஒரு மாஸ்டர் கையில் அதிகபட்சம் எத்தனை பாவு தெரியுமா? 12. பரோட்டாக் கணக்குக்காக நான் இந்த எண்ணை வளைக்கவில்லை, அங்கேயே அப்படித்தான் இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் ஒரே சமயத்தில் 36,864 இழைகள் கல்லில் கிடக்கலாம்.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற ப்ராசஸருக்குச் செலவு உண்டு. ரெஜிஸ்டர்களில், அதாவது கணக்குக்கு உடனே வேண்டிய எண்களை வைத்திருக்கும் சின்ன அறைகளில், இருப்பதையெல்லாம் மெமரியில் எழுதி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து நிரப்ப வேண்டும், அதாவது வெந்துகொண்டிருப்பதைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு அடுத்ததைப் போடுகிற கதை. கார்டில் எதையும் எடுத்து வைப்பதே இல்லை. கல்லே அவ்வளவு பெரிசு! ஒவ்வொரு கூடத்திலும் 256 கேபி ரெஜிஸ்டர், மொத்தம் 6 எம்பி. எல்லாப் பாவின் எல்லா எண்களும் அங்கேயே கிடக்கும், மாஸ்டர் பார்வையைத் திருப்பினால் போதும். சரி, கல்லில் வீச்சுப் பரோட்டா விழுந்தால்? இடத்தை அடைத்துக்கொள்ளும், எண்ணிக்கை குறையும். இழைக்கு 40 ரெஜிஸ்டர் கேட்கும் கணக்கென்றால் கூடத்துக்கு 48 பாவும் இடம் பிடிக்கும். 80 கேட்டால் 24தான். அப்போது மாஸ்டர் சில சமயம் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரிடும். விளையாட்டு எழுதுகிறவர்கள் இந்த இடத்துக்காக எவ்வளவு மல்லுக்கட்டுகிறார்கள் என்று பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கிறது.

இனி வாசகரின் கேள்வி. 3060இன் உச்சத் துடிப்பு 1.78 கிகாஹெர்ட்ஸ், 4060க்கு 2.46. கோரை அதோடு பெருக்குங்கள்: முன்னதற்குச் சுமார் 6,380, பின்னதற்கு 7,560. ஆள் குறைவு, கை வேகம். இது பாதி பதில். மறு பாதி மாவு உருண்டை. மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உள்ளேயிருந்து உருட்டிக் கொடுக்கும் பையன் மெதுவாகக் கொடுத்தால் கல் காலியாகத்தான் கிடக்கும், வட்டமாக அடுக்கும் வித்தை அதற்கு உதவாது. மெமரியிலிருந்து விநாடிக்கு எவ்வளவு வரும் என்று பார்த்தால் 3060க்கு 360 ஜிபி, 4060க்கு 272 ஜிபிதான். குறைவு! ஆனால் 4060இல் மாஸ்டரின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தாம்பாளம் இருக்கிறது, எல்2 கேஷ் என்பார்கள், அளவு 24 எம்பி. 3060இல் அது 3 எம்பி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் அதே செங்கல் படத்தைத்தானே திரும்பத் திரும்பக் கேட்கும், தாம்பாளம் பெரிதானால் உள்ளே ஓடுவது குறைகிறது. அதனால்தான் சாதாரண 1080 மானிட்டரில் 4060 பொதுவாக முந்துகிறது.

முந்துகிறது, 8 ஜிபிக்குள் அடங்கும் வரை. புதிய பெரிய விளையாட்டுகளில் படத்தரத்தை எல்லாம் உச்சத்தில் வைத்தால் மெமரி நிரம்பி வழியும், வழிந்தது கம்ப்யூட்டரின் ரேமுக்குப் போகும், அங்கேயிருந்து வரும் வழி விநாடிக்கு சுமார் 16 ஜிபி. 272 எங்கே, 16 எங்கே. மதர்போர்டில் கார்டு சொருகும் ஸ்லாட் பழைய மூன்றாம் தலைமுறை என்றால் 8தான், ஏனென்றால் அந்த ஸ்லாட்டின் 16 தடங்களில் 4060 எட்டைத்தான் பயன்படுத்தும். ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென்று திக்கித் திக்கி நிற்பது பெரும்பாலும் இதனால்தான். இதைத்தான் கடைக்காரர் சொல்லவில்லை.

பெயரையும் நம்ப வேண்டாம். 3060 என்ற பெயரிலேயே 8 ஜிபி கார்டு ஒன்று உண்டு, அதில் மெமரி வேகமும் 240 ஜிபியாகக் குறைந்திருக்கும். 3050இல் 8 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று. சின்னதில் கோரும் குறைவு. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஜிடி 1030. அதே பெயரில் ஒன்று விநாடிக்கு 48 ஜிபி, இன்னொன்று 16.8 ஜிபி. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! கேபினெட்டின் கண்ணாடி வழியே வானவில் விளக்கு தெரியும், இது தெரியாது. அந்த விளக்கு எரிந்தால் கேம் வேகமாக ஓடும் என்று நம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து ரெஃப்ரெஷை ஐந்து தடவை அடித்தால் கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பரவலானது. ஐகான்களைத் திரும்ப வரைவதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை. ஆயுத பூஜைக்குக் கேபினெட்டில் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, விசிறிப் பக்கம் மட்டும் விபூதியைத் தூவாதீர்கள்.

இந்தக் கல்லில் பரோட்டாவைத் தவிர வேறொன்றும், அதாவது செயற்கை நுண்ணறிவும், வேகும் என்பது தெரிந்த கதை. 2012இல் டொராண்டோவில் அலெக்ஸ் கிரிசெவ்ஸ்கி தன் நரம்பு வலையமைப்பை, அதாவது மூளையைப் பார்த்து அமைத்த கணக்கு முறையை, பயிற்றியது இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில், சுத்தமான விளையாட்டுக் கார்டுகள், ஆளுக்கு 3 ஜிபி மெமரி. அவருடைய ஆசிரியர் ஜெஃப்ரி ஹின்டனுக்கு 2024இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நரம்பு வலையை யாரும் சீந்தாத காலத்திலும் கனடாவின் சிஃபார் நிறுவனம் அந்தக் குழுவுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை இங்கே எவ்வளவு பேர் கவனிக்கிறார்கள் என்று தெரியவில்லை. நம் அரசு 2024 மார்ச்சில் பத்தாயிரம் கோடிக்கு மேல் ஒதுக்கிய செயற்கை நுண்ணறிவுத் திட்டத்தில் பத்தாயிரம் கார்டுகளுக்கு மேல் ஏற்பாடு செய்வது பெரிய பகுதி. நல்லதுதான். ஆனால் கார்டு ஐந்தாறு வருடத்தில் பழசாகிவிடும். சென்னை ஐஐடியில் சக்தி ப்ராசஸரை வடிவமைத்தது போன்ற வேலைகளுக்கும், பலன் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஆராய்ச்சிகளுக்கும் அதே தாராளம் காட்டலாம் என்பது என் ஆதங்கம்.

சரி, வாசகரே. பையன் வாலரண்ட் மாதிரி லேசான விளையாட்டுகளைத்தான் ஆடுவான் என்றால் இரண்டில் எதுவும் போதும். கல்லூரியில் கம்ப்யூட்டர் எடுக்கப் போகிறான், முப்பரிமாணப் படம் வரையும் பிளெண்டர் மென்பொருள், செயற்கை நுண்ணறிவு என்று நோண்டுவான் என்றால் நான் 12 ஜிபி பக்கம்தான், விளையாட்டில் கொஞ்சம் பின்தங்கினாலும் பரவாயில்லை. ஆனால் அதற்கு முன் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் இரண்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள், 16 ஜிபி ஒன்றுக்குப் பதில் 8 ஜிபி இரண்டு. ப்ராசஸருக்கு மாவு வரும் வழி இரட்டிப்பாகும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகாமல் கீழே கார்டில் சொருக வேண்டும், சிரிக்காதீர்கள், புதுக் கார்டு வாங்கிய முதல் இரண்டு நாள் நானே தப்பாகச் சொருகிவிட்டு 'இதற்கா இவ்வளவு காசு' என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

முக்கியமாக எஸ்.எம்.பி.எஸ், அதாவது பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டப்பா. முன்பு நான் வாங்கிய ஒரு ரெடிமேட் பெட்டியில் ஆட்டம் சூடு பிடிக்கும் நேரமாகப் பார்த்து மொத்தமாக அணைந்துவிடும். ஒரு வாரம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் எஸ்.எம்.பி.எஸ் மேல் கொட்டை எழுத்தில் 500 வாட், அதற்குக் கீழே பொடி எழுத்து அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். கார்டும் ப்ராசஸரும் தின்பது அந்த 12 வோல்ட் வரிசையிலிருந்துதான். உங்கள் இரண்டு கார்டில் 4060க்கு 115 வாட், 3060க்கு 170 வாட், ப்ராசஸரின் பங்கு தனி. அதனால் இன்னும் முன்பணம் கொடுக்காமல் இருந்தால், அந்த இரண்டு பெட்டிகளின் எஸ்.எம்.பி.எஸ் ஸ்டிக்கரையும் பொடி எழுத்து தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.