அரிசி வாசம் பிடிக்கும் யானை

சூரியநெல்லி எஸ்டேட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அடர்ந்த காட்டில்தானே கொண்டுபோய் விட்டார்கள்? அங்கே இல்லாத தீனியா? அரிக்கொம்பன் யானை எதற்குக் கம்பம் டவுனுக்குள் வந்தது?"

நடந்தது தெரிந்த கதைதான். 2023 ஏப்ரல் 29 அன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டு, கும்கிகளை வைத்து லாரியில் ஏற்றி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பம் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 5-ல் தமிழக வனத்துறை மறுபடி ஊசி போட்டுக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது.

சின்னக்கானல்காரர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். மலையாளத்தில் அரி என்றால் அரிசி. ரேஷன் கடையை உடைத்தது அரிக்கொம்பன். சக்கை என்றால் பலா. பலாப்பழம் தேடி வருவது சக்கக்கொம்பன். இரண்டையும் இழுத்துவந்தது மூக்கு.

மூக்கின் உட்சவ்வில் மணத்தை உணரும் ஏற்பிகள் இருக்கின்றன என்று பள்ளியில் படித்திருப்போம். பலாப்பழ வாசம் என்பது பல மூலக்கூறுகளின் கலவை. அது சில ஏற்பிகளை ஓங்கித் தட்டும், சிலவற்றை லேசாகத் தொடும். ஆர்மோனியத்தில் நாலைந்து கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது போல. மனிதர்களிடம் இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்கள் சுமார் 400, நாயிடம் சுமார் 800. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-ல் ஆப்பிரிக்க யானைக்கு எண்ணிப் பார்த்தார்கள்: ஏறக்குறைய 2,000! நமக்கு 'ஏதோ பழ வாசம்' என்று வருவது, அத்தனை கட்டை உள்ள மூக்குக்கு எப்படியெல்லாம் பிரிந்து தெரியும்?

தாய்லாந்தில் இன்னொரு சோதனை. மூடிய இரண்டு வாளிகளில் சூரியகாந்தி விதை. ஒன்றில் கூட, ஒன்றில் குறைவு. உள்ளே பார்க்க வழியில்லை. மோந்து பார்த்தே அதிகம் உள்ள வாளியை ஆசிய யானைகள் தேர்ந்தெடுத்தன. 2019-ல் வெளியான இந்த ஆய்வைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மூட்டை எங்கே என்பது மட்டுமல்ல, எது பெரிய மூட்டை என்பதும் அதற்குத் தெரிகிறது.

இனி கம்பத்துக்கு வருவோம். வெயில் ஏறினால் மலைச்சரிவு சூடாகி, காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல் நோக்கி நகரும். கீழே வாழையும் திராட்சையும் நெல்லும். மேலே பெரியாறு காடு. பகலெல்லாம் அந்தக் காற்றே யானைக்குத் தாக்கல் சொல்லியிருக்கும் என்பது என் ஊகம். காட்டில் தீனி இல்லாமல் அது இறங்கவில்லை. யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் 1980களில் சத்தியமங்கலம் பக்கத்துக் காடுகளில் ஆராய்ந்து காட்டியபடி, கேழ்வரகிலும் நெல்லிலும் காட்டுப்புல்லைவிடப் புரதமும் சோடியமும் அதிகம். நாளுக்கு 150 கிலோ வரை தின்ன வேண்டிய, தனியாகத் திரியும் கொம்பன் சத்துள்ளதைத் தேடி வராமல் என்ன செய்யும்?

பிடித்து வேறிடத்தில் விடுவது சரிப்படுமா என்று இலங்கையில் பார்த்திருக்கிறார்கள். 12 ஆண் யானைகளுக்கு, எங்கே போகிறது என்று காட்டும் காலரைக் கழுத்தில் மாட்டி, இடம் மாற்றித் தொடர்ந்தார்கள். சில பழைய இடத்துக்கே நடந்தன, சில ஊர் ஊராகச் சுற்றின, மிகச் சில மட்டும் புது இடத்தில் தங்கின. அந்த ஆய்வு வந்தது 2012-ல். பதினோரு வருஷம் கழித்தும் நாம் லாரியைத்தான் கூப்பிட்டோம். லாரிக்கும் கும்கிக்கும் ஆகும் பணத்தில் கொஞ்சம், பிடிக்கும் முன்பே காலர் மாட்டி நடமாட்டத்தைப் படிக்கப் போயிருக்கலாம்.

சின்னக்கானலின் 301 காலனி நிலப்பட்டா கொடுத்து மக்களைக் குடியேற்றிய இடம். யானை வழித்தடம் என்பது அப்போதே தெரிந்ததுதான். பக்கத்து அணைக்குப் பெயரே ஆனையிறங்கல்!

யானைமுடி மோதிரம் போட்டால் யானை கிட்டே வராது என்று ஒருவர் என்னிடம் விரலைக் காட்டினார். அவர் தோளில் தொங்கிய பையில் ஐந்து கிலோ ரேஷன் அரிசி.

வாசகிக்கு ஒரே ஒரு யோசனை: வீட்டுப் பின்னால் பலா இருந்தால் பழுக்கும் முன்பே, காயாகவே இறக்கிவிடுங்கள். சக்கக்கொம்பனை யாரும் லாரியில் ஏற்றவில்லை.