மவுஸ் ஓடுகிறது, எழுத்து ஏன் தவழ்கிறது?

"100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இன்டர்நெட் பிளான், யூடியூப் தடங்கலே இல்லை. ஆபீஸ் விடிஐ-யில் மட்டும் ஒரு எழுத்துத் தட்டினால் வர அரை நொடி ஆகிறதே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

விடிஐ என்பது ஆபீஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ஏற்பாடு (virtual desktop infrastructure). அதில் விண்டோஸ், எக்செல், ஃபைல் எல்லாம் டேட்டா சென்டர் சர்வருக்குள் இருக்கும் மெய்நிகர் கணினியில் இருக்கின்றன. லேப்டாப்புக்கு வருவது திரையின் படம். இங்கிருந்து போவது நீங்கள் தட்டியதும் மவுஸ் அசைவும். இது தெரிந்த கதை. அந்தப் படம் வந்து சேரும் விதம்தான் சுவாரசியம்.

1920-க்கு 1080 புள்ளித் திரை, புள்ளிக்கு 3 பைட் என்றால் ஒரு படம் சுமார் 6.2 மெகாபைட். நொடிக்கு 30 படம் வைத்தால் நொடிக்கு ஏறக்குறைய 1.5 கிகாபிட், அதாவது 1,500 மெகாபிட். உங்கள் பிளானில் நுழையவே நுழையாது. அதனால் மைக்ரோசாஃப்ட்டின் ஆர்டிபி போன்ற நெறிமுறைகள் (தொலைவிலுள்ள கணினியின் திரையை அனுப்பும் விதிமுறைகள்) திரையைச் சிறு கட்டங்களாக (64-க்கு 64 புள்ளி) வெட்டி, மாறிய கட்டத்தை மட்டும் அனுப்புகின்றன. பக்கத்தை உருட்டினால், 'இருப்பதை 40 புள்ளி மேலே தள்ளு' என்றொரு கட்டளையும் அடியில் புதிதாகத் தெரியும் கீற்றும் போதும். எழுத்தின் விளிம்பு மங்கினால் கண் பிடித்துவிடும். அதற்கு இழப்பில்லாச் சுருக்கம், அதாவது ஒரு புள்ளியும் மாறாத சுருக்கம். புகைப்படத்துக்கோ முதலில் கலங்கலான பிரதி, பிறகு நுணுக்கம். பெரிய படம் ஒன்றைத் திறந்து பாருங்கள், குளத்துத் தண்ணீர் தெளிவதுபோல் தெளியும்.

மவுஸ் அம்பை வரைவது உங்கள் லேப்டாப்பேதான். சர்வர் அதன் வடிவத்தை மட்டும் சொல்லும். அதனால்தான் அம்பு வழுக்கிக்கொண்டு ஓட, மெனு தாமதமாகத் திறக்கிறது. 'க' தட்டினால் செய்தி சர்வருக்குப் போய், வேர்டு அதை வரைந்து, மாறிய கட்டம் திரும்ப வேண்டும். எல்லாம் சேர்த்துச் சில கிலோபைட்தான். ஆகவே விஷயம் பிளானின் வேகத்தில் இல்லை, செய்தி போய்வரும் நேரத்தில் இருக்கிறது. 150 மில்லிநொடி தாண்டினால் கைக்குத் தெரியும். யூடியூப் பல நொடிப் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நீங்கள் அடுத்து எதைத் தட்டுவீர்கள் என்று விடிஐ-க்கு எப்படித் தெரியும்?

தாமதம் எங்கே என்று கண்டுபிடிக்க, முதலில் ரவுட்டரை (பெரும்பாலும் 192.168.1.1) பிங் செய்யுங்கள், அதாவது ஒரு சிறு செய்தி போய்வரும் நேரத்தை ping கட்டளையால் அளந்து பாருங்கள். 5 மில்லிநொடிக்குள் நிலையாக வர வேண்டும். திடீரென 80, 200 என்று துள்ளினால் வைஃபைதான் குற்றவாளி: லேன் கேபிள் போடுங்கள், முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள். வீட்டில் யாராவது போட்டோக்களை கிளவுடில் ஏற்றும்போது மட்டும் இழுத்தால், ரவுட்டரில் வரிசை நிரம்பி உங்கள் 'க' அதன் வாலில் நிற்கிறது என்று அர்த்தம். ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான வழி) யுடிபி-யை, அதாவது தொலைந்ததற்காகக் காத்திராத அனுப்புமுறையைத் தடுத்திருந்தால், இணைப்பு வரிசை தவறாத டிசிபி முறைக்கு இறங்கிவிடும். டிசிபி-யில் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தால், அது மறுபடி வரும்வரை பின்னால் வந்த எல்லாம் காத்திருக்கும்.

வலது கிளிக் செய்து ரீஃப்ரெஷ் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைப்பதாவது அழகாக இருக்கும். ரீஃப்ரெஷ் ஐகான்களை மறுபடி வரையும், அவ்வளவே, வேகத்தைக் கூட்டாது.

எல்லாம் சரி, ஆனால் சர்வருக்குப் போய்வரும் நேரம் இன்னும் 250 மில்லிநொடி காட்டுகிறதா? உங்கள் மெய்நிகர் கணினி எந்த ஊரில் இருக்கிறது என்று ஆபீஸ் ஐடி பிரிவிடம் கேளுங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா நேர்க்கோட்டிலேயே 13,000 கி.மீ.க்கு மேல், போய்வர ஒளிக்கே குறைந்தது 130 மில்லிநொடி வேண்டும், கேபிள் சுற்றிப் போவதால் நிஜத்தில் 200 தாண்டும். அதை எந்த ரவுட்டரும் குறைக்காது. மும்பை, புனே பக்கம் மாற்றித் தரச் சொல்லி அவர்களிடம் டிக்கெட் (கோரிக்கை) போடுங்கள்.